கடல் கடந்த உறவும் காகிதச் சான்றும்



வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் மன்னரும் படைத்தலைவருமே. சேரன் யார், சோழன் யார், பாண்டியன் யார் என்று தேர்வுத்தாளில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதும் மாணவனை அழைத்து, "உன் பாட்டனாரின் தந்தை பெயர் யாது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். அவருடைய மனைவியின் பெயர் யாது என்று கேட்டாலோ, வீட்டிலுள்ள பெரியவர்களும் தலையைச் சொறிவார்கள். நாட்டின் வரலாற்றை ஆயிரம் ஆண்டுகட்குக் கற்கும் நாம், நம் குடும்பத்தின் வரலாற்றை நூறாண்டுகட்கு மேல் அறிகிலோம். இக்குறை நேர்ந்தது எவ்வாறு, இதனால் விளைந்த தீங்கு என்ன, இதனை ஓரளவேனும் போக்கும் வழி யாது என்பவற்றை இன்று சிந்திப்போம்.

முதலில் நம்மூர்ப் பக்கமே பார்ப்போம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் புதுக்கடை என்னும் ஊர் உள்ளது. அதற்கு அணித்தே முஞ்சிறையும் பார்த்திவபுரமும் இருக்கின்றன. கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, அவ்விடத்தே திருமால் கோயில் ஒன்றை எழுப்பி, 95 மாணாக்கர் தங்கிக் கற்கும் சாலை ஒன்றையும் நிறுவினான். இச்செய்தியைச் செப்பேடு நமக்குச் சொல்கிறது. அரசன் பெயர் தெரிகிறது. சபையாரோடு செய்த உடன்பாடு தெரிகிறது. எத்தனை மாணாக்கர் என்பதும் தெரிகிறது. ஆயினும் அந்நிலத்தை உழுத உழவனின் வழித்தோன்றல் இன்று யார் என்று எவராலும் சொல்ல இயலாது. அரசனுக்குச் செம்பு கிடைத்தது. குடியானவனுக்கு ஓலை நறுக்கும் கிட்டவில்லை. வரலாற்றின் பெருங்குறை இதுவே.

நீத்தாரை நினையாதவர்கள் அல்லர் நாம். ஆடி அமாவாசை நாளில் குமரிமுனையிலும், குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலி நடக்கும் இடத்திலும் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் இதனை அறிவர். நீர்க்கடன் இறுப்பவன் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்னும் மூவரை நினைத்து நீர் வார்க்கிறான். மூன்று தலைமுறை என்பது வாய்மொழி நினைவு தளராது நடக்கக்கூடிய தூரம் போலும். அதற்கப்பால் செல்ல வேண்டுமாயின் எழுத்தின் துணை வேண்டும்.

எழுத்தின் துணை இருந்தால் உறவு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு மேல்நாட்டுச் சான்று ஒன்று கூறுகிறேன். அயர்லாந்து என்பது அட்லாண்டிக் மாகடலின் ஓரத்தில் உள்ள சிறு தீவு. 1841-ஆம் ஆண்டில் அங்கே 81 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். ஏழைகளின் உணவு உருளைக்கிழங்கு ஒன்றே. 1845-இல் அப்பயிரை ஒரு நோய் தாக்கிற்று. தொடர்ந்து சில ஆண்டுகள் பஞ்சம் நிலவிற்று. சுமார் 10 இலட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர்; ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகட்குப் போயினர். 1851-இல் கணக்கெடுத்தபோது மக்கள்தொகை 65 இலட்சமாகக் குறைந்திருந்தது.

அக்காலத்தில் கப்பலேறியவர்களுள் ஒருவர் வெக்ஸ்போர்டு மாவட்டத்து டங்கன்ஸ்டவுன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பாட்ரிக் கென்னடி. அவருடைய கொள்ளுப்பேரனே அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜான் கென்னடி. இவர் 1947-ஆம் ஆண்டிலேயே, பேரும் புகழும் பெருகுமுன், அவ்வூரைத் தேடிச் சென்று, அங்கே வாழ்ந்த தூரத்து உறவினரைக் கண்டு வந்தார். பின்னர் 1963 சூன் 27-ஆம் நாள், உலகமே நோக்கும் தலைவராக அதே பண்ணை வீட்டுக்கு மீண்டும் சென்றார். உறவினராகிய மேரி ரயான் அம்மையார் முற்றத்தில் தேநீர் வைத்து அவரை வரவேற்றார். நூறாண்டுக்கு மேல் கடல் பிரித்து வைத்த ஒரு குடும்பம் ஒரு கோப்பைத் தேநீரில் மீண்டும் கூடியது. உறவின் ஆழத்தை அளக்கும் கோல் செல்வமன்று என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

இத்தகைய தேட்டம் அயர்லாந்து மக்களுக்கு எளிதாக வாய்த்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1922 சூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரத்து நீதிமன்றக் கட்டடத்தோடு இணைந்திருந்த அரசு ஆவணக் களரி வெடித்துத் தீப்பற்றி எரிந்தது. எழுநூறு ஆண்டு ஆவணங்கள் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கு ஏடுகளில் மிகப் பெரும்பகுதி அன்று அழிந்தது. அதற்குப் பிந்திய நான்கு கணக்குகளின் ஏடுகளை அரசாங்கமே முன்னர் அழித்துவிட்டிருந்தது. ஆயினும் அம்மக்கள் மனந்தளரவில்லை. நில வரிக்காக 1847-க்கும் 1864-க்கும் இடையே தயாரித்த மதிப்பீட்டு ஏடு, கோயிற்பங்குகளின் ஞானஸ்நானப் பதிவுகள், எஞ்சி நின்ற 1901, 1911 ஆண்டுக் குடிக்கணக்குகள் ஆகியவற்றைக் கொண்டு அறுந்த நூலை முடிச்சிட்டு வருகின்றனர். எரிந்த ஏடுகளின் படிகள் பிற இடங்களில் இருப்பவற்றைத் திரட்டி, 2022-இல் மின்வழிக் களரி ஒன்றையும் திறந்துள்ளனர்.

அயர்லாந்துக்கும் நம் நாஞ்சில் நாட்டுக்கும் தொடர்பு உண்டோ என வினவுவீர்கள். உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814 மே 7-ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்தினர். 1838-இல் சென்னையில் வந்திறங்கிய அவர், 1844-இல் மணந்துகொண்டது நாகர்கோவில் மிஷன் போதகராகிய சார்லஸ் மால்ட் என்பாரின் மகள் எலைசாவை. ஆகவே, அயர்லாந்தில் தொடங்கிய ஒரு வாழ்க்கைக் கொடி நாகர்கோவிலில் படர்ந்து இடையன்குடியில் வேர்கொண்டது. இவையனைத்தும் நாள் முதலாக நமக்குத் தெரிவது எதனால்? எழுதி வைத்தமையால்.

இனி, நம் மக்கள் கடல் கடந்த கதைக்கு வருவோம். ஆங்கிலப் பேரரசில் 1834-இல் அடிமை முறை நீங்கிற்று. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியத் தொழிலாளரைக் கொண்டு செல்லும் முறை பிறந்தது. மொரீசியசுத் தீவுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் போயினர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் போயினர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறையில் ஏறியவர்கள். முதற்கப்பலாகிய 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். 1903 முதல் தமிழரும் அங்குப் போகலாயினர்.

இக்கொடிய முறையில் தற்செயலாக விளைந்த நன்மை ஒன்று உண்டு. ஆள் தப்பி ஓடிவிடக் கூடாது என்பதற்காகத் துரைத்தனத்தார் ஒவ்வொருவரையும் பற்றி விரிவாக எழுதி வைத்தனர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகிய அனைத்தும் பட்டியலில் ஏறின. மொரீசியசில் நிழற்படமும் எடுத்து வைத்தனர். அன்று கட்டுப்படுத்துவதற்காக எழுதிய ஏடு இன்று பேரனுக்குப் பாட்டனைக் காட்டும் விளக்காயிற்று. மொரீசியசின் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் அவ்வேடுகள் பேணப்படுகின்றன. கூலிகள் கரையேறிய படித்துறையை 2006-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு மன்றம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இத்தகைய தேட்டத்தின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: டிரினிடாட் நாட்டின் தலைமையமைச்சராக இருந்த கமலா பெர்சாத் பிசேசர் அம்மையார் 2012 சனவரியில் பீகார் மாநிலத்துப் பக்சார் மாவட்டத்தில் பேலுப்பூர் என்னும் சிற்றூருக்கு வந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ராம் லக்கன் மிஸ்ரா அவ்வூரிலிருந்து கப்பலேறியவர். கென்னடிக்கு டங்கன்ஸ்டவுன் எப்படியோ அப்படியே இவர்க்குப் பேலுப்பூர்.

தமிழ்க் குடும்பங்கள் வகையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அயர்லாந்துக்காரருக்குக் கென்னடி என்பது குடிப்பெயர்; தலைமுறைதோறும் மாறாது தொடரும். நமக்கோ தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் மறைந்து போகும். முத்துவின் மகன் வேலு, வேலுவின் மகன் மாடன் என்றால், ஒரு பெயர்க்கும் அடுத்ததற்கும் ஒலித்தொடர்பு இல்லை. அன்றியும், காதில் விழுந்தவாறு வெள்ளைக்கார எழுத்தர் எழுதியதால் பெயர்கள் உருமாறின. தென்னாப்பிரிக்காவில் 'கவெண்டர்' என்னும் பெயரைப் பார்த்து அது ஏதோ அயல்நாட்டுப் பெயர் என்று கருதாதீர்கள், அது கவுண்டரே. 'மூட்லி' என்பது முதலியார். இவற்றைக் கண்ணால் படித்தால் விளங்கா. வாய்விட்டுத் தமிழோசையில் சொல்லிப் பார்த்தால் விளங்கும்.

நாஞ்சில் நாட்டில் தேடுவோர்க்கு இன்னும் இரண்டு நுட்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, மருமக்கள் வழி. இங்கு வேளாளர் முதலிய சில குடிகளில் சொத்தும் குடும்பமும் தாய்வழியே எண்ணப்பட்டன. தந்தையின் செல்வம் மகனுக்கன்று, மருமகனுக்கே சென்றது. இம்முறையால் விளைந்த அவலங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நகைச்சுவை ததும்பப் பாடியுள்ளார். கொல்லம் 1101-ஆம் ஆண்டில், அதாவது 1926-இல், திருவிதாங்கூர் அரசு சட்டமியற்றி நாஞ்சில் நாட்டு வேளாளரிடை இம்முறையை மாற்றிற்று. ஆகவே, அதற்கு முந்திய பத்திரமொன்றில் தந்தையின் பெயரைத் தேடி ஏமாற வேண்டா. தாய்மாமன் பெயரையும் வீட்டுப் பெயரையும் தேடுக.

இரண்டாவது, கொல்லம் ஆண்டு. பழைய பத்திரங்களில் ஆங்கில ஆண்டு இராது. கொல்லம் ஆண்டு ஆவணி முதல் நாளில், அதாவது ஆகஸ்டு நடுவில் பிறக்கும். சனவரி முதல் ஆகஸ்டு நடு வரையுள்ள நாளாயின் கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டுக. ஆகஸ்டு நடுவுக்கு மேல் திசம்பர் முடியவாயின் 824-ஐக் கூட்டுக. ஓர் எடுத்துக்காட்டு. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள், தமிழ்ப்பகுதிகள் தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று கிளர்ச்சி செய்த மக்கள்மீது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. அது கொல்லம் 1129-ஆம் ஆண்டு முடியும் தறுவாய். 1129-உடன் 825-ஐக் கூட்ட, 1954 வரும்.

அத்தியாகத்தின் பயனாக 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. மக்கள் இணைந்தனர், பழைய ஏடுகளோ பெரும்பாலும் திருவனந்தபுரத்து ஆவணக் களரியிலேயே தங்கிவிட்டன. எனவே இம்மாவட்டத்து மாணவன் தன் முன்னோரைத் தேடப் புகுந்தால், அண்டை மாநிலத்துத் தலைநகருக்குச் செல்லவும் மலையாள எழுத்தைக் கற்கவும் ஆயத்தமாதல் வேண்டும். எல்லைகள் மாறலாம், ஏடுகள் தாமாக நடந்து வாரா.

முன்னோர் பெயரை அறிவது பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். அஃது உயிர்நிலையான செய்தியாகிய வரலாறு ஒன்றுண்டு. நம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள இலங்கையில் அது நிகழ்ந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. பின்னர் நோயால் காப்பி அழியத் தேயிலை தழைத்தது. திருநெல்வேலி, மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மக்கள் சென்றனர். தென் திருவிதாங்கூர் ஏழைகளும் பஞ்ச காலங்களில் சென்றனர் என்பது அக்கால மிஷன் அறிக்கைகளால் தெரிகிறது. காடழித்துத் தேயிலை நட்டு அந்நாட்டைச் செழிப்பித்தவர்கள் இவர்கள். தலைமுறைகள் கடந்தன. 1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலேயே பிறந்தவனாயினும், அவனுடைய தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பித்தால்தான் அவன் குடிமகன் என்றது அச்சட்டம்.

எண்ணிப் பாருங்கள். ஆற்றங்கரையில் நீர்க்கடனுக்கு நாம் சொல்லும் அதே மூன்று பெயர்கள்! அங்கே பெயரைச் சொன்னால் போதும். இங்கே பிறந்த இடத்துக்குக் காகிதம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சீட்டு வாங்கி வைக்கக் கொழுந்து பறிக்கும் தாய்க்கு நேரமேது? எழுத்தறிவேது? இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லாதவர் ஆயினர். 1949-இல் வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் மனுச் செய்தவர்களிலும் பெரும்பாலோருடைய மனுக்கள் தள்ளப்பட்டன.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியத் தலைமையமைச்சர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்பாடு செய்துகொண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் தீர்மானித்தனர். அந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எண்கள் கணக்கில் நேராக வகுபடும். குடும்பங்கள் அவ்வாறு வகுபடா. அண்ணனுக்கு இந்தியச் சீட்டு, தம்பிக்கு இலங்கைச் சீட்டு என்று பிரிந்த வீடுகள் பல. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள், தம் பாட்டனார் விட்டுப்போன ஊரின் பெயரை மட்டும் கையில் வைத்திருந்தனர். சிலருக்கு அவ்வூரில் உறவு கிடைத்தது, சிலருக்கு, "நீர் யார்?" என்னும் வினாவே கிடைத்தது.

தாயகம் திரும்பியோர்க்கு வாழ்வளிக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. நம் குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டங்களில் பலர் குடியமர்ந்தனர்; 1984-இல் அரசு ரப்பர்க் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாயிற்று. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. 1948-இல் பிறந்த குழந்தை அதற்குள் 55 வயதை எட்டிவிட்டது. ஒரு காகிதம் இல்லாமையின் விலை இவ்வளவு.

இதனால் பெறப்படும் நீதி யாது? எழுத்துச் சான்று ஏழைக்குக் கவசம் என்பது ஒன்று. சான்று இல்லாதவனை மனிதனே அல்லன் என்று தள்ளும் சட்டம் கொடிது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே நினைவில் கொள்ளல் வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் செய்யத்தக்க பணி எளியது. உங்களுக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அவர்களைப் பெற்றோர் எண்மர். இப்பதினான்கு பெயர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் பிறந்த ஊர், வீட்டுப் பெயர், செய்த தொழில், குடிபெயர்ந்த காலம் ஆகியவற்றைக் குறியுங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். எண்மரில் நால்வர் பெண்கள். அந்நான்கு பெயர்களே முதலில் மறைபவை.

கேட்கும்போது தேதியைக் கேட்டுப் பெரியவர்களைத் திகைக்க வைக்காதீர்கள். "அந்தப் பெருவெள்ளத்துக்கு முன்னா, பின்னா? குமரி தமிழகத்தோடு சேர்ந்தபோது உங்களுக்கு எத்தனை வயது?" என்று கேளுங்கள், விடை தானே வரும். சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பதையும் எழுதுங்கள். பிறகு வீட்டிலுள்ள பத்திரங்கள், திருமண அழைப்புகள், கோயிற் பதிவுகள், கல்லறை எழுத்துகள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் நல்ல சான்றே. ஆயினும் ஓர் எச்சரிக்கை: முற்காலத்தில் பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்குச் சேர்க்கை வயதுக்கு ஒத்தவாறு ஒரு நாளைத் தலைமையாசிரியரே குறித்துவிடுவது வழக்கம். எனவே அவ்வேட்டில் தந்தை பெயரையும் ஊரையும் நம்பலாம். பிறந்த நாளை வேறு சான்றோடு ஒத்துப் பார்த்தே கொள்ளலாம். இரு சான்றுகள் முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் எழுதி வைப்பதே வரலாற்றாசிரியனுக்கு அழகு.

இறுதியாக ஒன்று. முன்னோரைத் தேடுவது குலப்பெருமை பேசுவதற்கன்று. மேலே போகப் போக, நம் மரத்தில் உழவரும் கூலிகளும் கடனுக்கு அஞ்சிக் கப்பலேறியவர்களும் இருப்பர். பத்துத் தலைமுறை பின்னே சென்றால் ஒவ்வொருவர்க்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட முன்னோர் உளர். அவர்களில் யாரை உயர்ந்தவர் என்பது, யாரைத் தாழ்ந்தவர் என்பது? இதனை உணர்ந்தவன் செருக்கடையான்; அயலானையும் உறவினனாகக் காண்பான்.

நாளை ஒருநாள், டர்பனிலிருந்தோ, மொரீசியசிலிருந்தோ, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்தோ ஒருவர் உங்கள் ஊர்ச் சந்தியில் வந்து நின்று, சிதைந்த தமிழில் ஒரு பெயரைச் சொல்லி, அவர் வீடு எது என்று வினவலாம். அன்று அப்பெயர் உங்கள் குறிப்பேட்டில் இருக்குமாயின், அவர் கடந்து வந்த கடலின் தூரம் ஒரு வாசற்படியின் உயரமாகக் குறைந்துவிடும். அதற்காகவேனும் இன்றே எழுதத் தொடங்குங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே தொடங்குங்கள்.